ரிட்டயர் ஆகி உச்சிப்புளிப் பக்கம் ஊருக்கே வர்றோம்: ஐப்பசி மழைக்குள்ள என்னென்ன செய்யணும், கைக்காசை எப்படி வைக்கணும்?

வடகடல்_வாசல்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு வடக்க, வீட்டு வாசல்ல நின்னா கடல் எரைச்சல் கேக்கும். முப்பது வருசத்துக்கு மேல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்குப் பிரிவுல இருந்துட்டு இந்த ஆவணியோட வெளிய வர்றேன், 58 முடியுது. பிள்ளைக ரெண்டுக்கும் கல்யாணம் முடிஞ்சு அதுக பாட்டுக்கு நல்லா இருக்குதுக, நானும் வீட்டுக்காரியும் மட்டுந்தான், திருப்பூர் வாடகையக் குடுத்துக்கிட்டு பென்சன்ல காலந்தள்ள முடியாதுன்னு ஊருக்கே வந்துரலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

வீடு அப்பா கட்டுனது, காங்கிரீட், ஆயிரம் சதுரடி இருக்கும். ஏழெட்டு வருசமா பூட்டித்தான் கிடக்கு, பொங்கலுக்கு வந்தா ரெண்டு நாள் தெறப்போம். உள் ரூம்ல மேல காரை பேந்து கம்பி தெரியுது. கொல்லைல ஒரு கெணறு இருக்கு, அந்தக் காலத்துல நல்ல தண்ணி, இப்ப லேசா உப்புக் கரிக்குது. ஒண்ணரை ஏக்கர் புஞ்சை இருக்கு, உடமுள்ளு மண்டி உடங்காடாப் போச்சு.

பணம்னு பாத்தா பிஎஃப், கிராஜுட்டி எல்லாம் சேந்து 24 லட்சம் வரும். பென்சன் மாசம் 3000 சொச்சம். அவ்ளோதான். இப்பவே ஊர்லருந்து போன் வருது, ஒருத்தர் இருநூறு அடிக்கு போர் போடுங்குறார், ஒருத்தர் இறால் பண்ணைல பங்கு சேருங்குறார், இன்னொருத்தர் வட்டிக்கு விட்டா மாசம் ரெண்டு ரூபா வட்டி வரும்ங்குறார்.

வீட்டுக்காரி காங்கேயம் பக்கத்துக்காரி, அவளுக்கு நம்ம ஊரு வெயில் தெரியும், மழைக்காலத்துல இங்க இருந்ததே இல்ல, பிரசர் சுகர் ரெண்டும் இருக்கு. புரட்டாசில வந்து எறங்குனா ஐப்பசி மழைக்கு ஒரு மாசந்தான் கையில இருக்கும். அந்த ஒரு மாசத்துல எதை மொதல்ல செய்யணும், எதை விட்டுரலாம்? மாசம் பதினஞ்சாயிரத்துக்குள்ள ரெண்டு பேரு மரியாதையா இருக்க முடியுமா? அங்கயே இருக்கவுங்க சொல்லுங்க.


உப்புக்காத்து_கொத்தனார்:

அண்ணே வாங்க வாங்க. நான் மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன்னு வீட்டு வேலதான் பாக்குறேன், அதனால மொதல்ல மேல பாருங்கன்னுதான் சொல்லுவேன். காரை பேந்து கம்பி தெரியுதுன்னு ஒத்த வரில சொல்லிட்டீங்க, அதுதான் இருக்குறதுலயே அவசரம்.

கடக்கரைல நடக்குறது என்னன்னா, உப்பு ஈரம் காங்கிரீட்டுக்குள்ள எறங்கி கம்பிய துருப்பிடிக்க வைக்கும், துரு கம்பிய விட ரொம்ப எடம் அடைக்கும், அந்த உப்பல் தாங்காமத்தான் காரை கீழ விழுகுது. அதனால விழுந்த எடத்துல மட்டும் சிமிண்ட அப்பிட்டுப் போற ஆள வைக்காதீங்க, ரெண்டு மழைல திரும்ப விழுந்துரும். ஒரு சின்ன சுத்தியல எடுத்துக்கிட்டு மேல தளம் பூராம் தட்டிப் பாருங்க. நல்ல எடத்துல கணீர்னு கேக்கும், உள்ள விட்டுப்போன எடத்துல டொப்புனு கேக்கும். டொப்புனு கேக்குற எடம் பூராவும் சாக்பீஸால வட்டம் போட்டுட்டு அத்தனையும் கொத்தி எடுக்கணும், கம்பிய கம்பி பிரஸ் போட்டுத் தேச்சு, துரு தடுக்குற பிரைமர் அடிச்சு, நல்லாத் தேஞ்ச கம்பிக்குப் பக்கத்துல புதுக்கம்பி கட்டி, அப்பறம்தான் கலவை. இதுக்குக் கடல் மண்ணு ஒரு சட்டி கூட வரக்கூடாது, பக்கத்துல நின்னு பாருங்க.

மொட்டை மாடில வெடிப்புக்குள்ள அரசு, வேம்பு முளைச்சிருக்கும், வேரோட எடுங்க. தட்டோடு பதிச்சிருந்தா இடுக்கு பூராவும் பாத்து அடைங்க, தண்ணி போற ஓட்டை ரெண்டாச்சும் வேணும், இருக்குறது ஒண்ணுன்னா இன்னொன்னு போடுங்க. 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுச்சு, நம்ம மாவட்டத்துக்கு வருசம் பூரா பேயுறதே 80 சென்டிமீட்டர் சொச்சந்தான், பாதி வருசத்து மழை ஒரு நாள்ல. அன்னைக்கு ஒழுகுன வீட்டுல முக்காவாசி, மாடி ஓட்டைல எல சருகு அடைச்சு தண்ணி தேங்குன வீடுதான்.

அடுத்து கரண்டு. பூட்டிக் கிடந்த வீட்டுல சுவிட்சு போர்டு உள்ளாற பச்சை பூத்திருக்கும், மழை ஈரத்துல ஷாக்கடிக்கும். எலக்ட்ரீசியனக் கூட்டியாந்து எர்த்து பாத்து, ஷாக்கடிச்சா தானா விழுகுற பிரேக்கர் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. இதுல கஞ்சத்தனம் வேணாம்ணே.

நீங்க வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் இருக்கீங்க. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து நேரா உங்க வடக்குப் பாத்த ஜன்னல்லதான் மோதும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருக்கவுங்களுக்கு அந்த நேரம் அவ்வளவு தெரியாது. அதனால வடக்கு ஜன்னல் கொக்கி, கதவுத் தாழ்ப்பா எல்லாம் பாத்துக்கிருங்க. மாட்டுக்கொட்டாய் தகரம் இருந்தா ஒவ்வொரு கொக்கி போல்ட்டையும் கையால ஆட்டிப் பாக்கணும். தென்னைல காஞ்ச மட்டை, நெத்துக்காய் எல்லாம் புரட்டாசிலேயே எறக்கிருங்க, வீட்டுப் பக்கம் சாஞ்ச மரம் இருந்தா மனசக் கல்லாக்கிக்கிட்டு வெட்டிருங்க.

கார்த்திகை முடிஞ்சா புயல் முடிஞ்சுச்சுன்னு இருக்காதீங்க. தனுஷ்கோடிய அழிச்சது 1964 டிசம்பர் 22 ராத்திரி, அது மார்கழி. 2020ல புரெவி வந்ததும் டிசம்பர்லதான், நம்ம பாம்பன் பக்கத்துல வந்துதான் வலுவிழந்து நின்னுச்சு. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு கேட்டதும் மேல் தொட்டிய ரொப்புங்க, போனு சார்ஜு ஏத்துங்க, பட்டா, பாஸ்புக்கு, ஆதார் எல்லாத்தையும் பிளாஸ்டிக் பைல போட்டு கட்டி ஒசரத்துல வைங்க. மாவட்ட பேரிடர் நம்பர் 1077, அடுப்படி செவுத்துல எழுதி வைங்க.


கொட்டான்_அக்கா:

தம்பி, நான் பெரியபட்டினத்துப் பக்கம், தென்கடல் கரை. கொத்தனார் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா இந்தக் கரையில ஒரு குடும்பம் சிக்கனமா இருக்குதா செலவாளியா இருக்குதான்னு தீர்மானம் பண்றது தண்ணிதான். பங்குனி சித்திரைல தள்ளுவண்டில குடத்த அடுக்கிக்கிட்டு ஊருணிக்கு அலையிறது, இல்லாட்டி குடம் இவ்ளோன்னு வெலை குடுத்து வாங்குறது, வயசான காலத்துல ரெண்டுமே கஷ்டம். காவிரித் தண்ணி பைப்புல வருது, வராத நாளும் இருக்கு, அத நம்பி மட்டும் இருக்காதீங்க.

போர் போடச் சொன்னவரு பேச்சக் கேக்கவே கேக்காதீங்க. நம்ம கடக்கரை மணல்ல மழைத்தண்ணி எறங்கி, அடியில இருக்க உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டுத்தான் இருக்கு. பத்துப் பதினஞ்சு அடில இனிக்கிறது அதனாலதான், மணல்ல ஊத்து தோண்டி சிரட்டையால அள்ளுனவுங்க நம்ம ஆத்தாமாரு. ஆழமாப் போனாலோ பெரிய மோட்டார வச்சு ஒரேயடியா இழுத்தாலோ கீழ இருக்க உப்பு மேல ஏறிரும், ஏறிருச்சுன்னா எறங்க வருசக்கணக்கா ஆகும், உங்க கெணறு மட்டுமில்ல அக்கம்பக்கத்துக் கெணறும் கெடும். உங்க கெணறு லேசாக் கரிக்குதுன்னா யாரோ பக்கத்துல இழுக்குறாங்கன்னு அர்த்தம், இல்லாட்டி கெணத்துக்குள்ள மழைத்தண்ணி எறங்குற வழி அடைபட்டிருக்கும். புரட்டாசில தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, சின்ன மோட்டாரா அரை குதிரை சக்தில ஒண்ணு வைங்க, காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு எடுங்க. மாடித் தண்ணில உங்களுக்குப் போக மிச்சத்த கூழாங்கல்லு, கரி, மணலு போட்ட குழி வழியா கெணத்துக்கே விடுங்க. ரெண்டு மழைக்காலம் பாத்தா ருசி மாறும்.

குடிக்க சமைக்க மழைத்தண்ணியச் சேத்து வைங்க. கணக்கு லேசுதான், ஆயிரம் சதுரடி மாடில பத்து சென்டிமீட்டர் மழை பேஞ்சா ஒம்பதாயிரம் லிட்டர் வருது. ரெண்டு பேருக்கு குடிக்க சமைக்க நாளைக்கு 20 லிட்டர் தாராளம், மாசிலருந்து ஐப்பசி வரைக்கும் எட்டு மாசம்னா அஞ்சாயிரம் லிட்டர் கூட ஆகாது. பிள்ளைக, பேரன் பேத்தி கோடை லீவுக்கு வரும்ல, அதுக்கும் சேத்து பத்தாயிரம் லிட்டருக்கு எடம் இருந்தா சித்திரைல நீங்க யாரு வீட்டு வாசல்லயும் குடத்தோட நிக்க வேணாம். மொதோ ரெண்டு மழைய வெளிய விட்டுருங்க, மாடில இருக்க உப்புத்தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுல போயிரும். தொட்டிக்குள்ள வெளிச்சமே படக்கூடாது, கொசு வலை இல்லாம ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது. குடிக்கிறதுக்கு காய்ச்சித்தான் குடிக்கணும்.

இனி அடுப்படி. ஐப்பசி கார்த்திகைல வடகடல் கொந்தளிச்சா மீனு வெலை ஏறும், காய்கறி வண்டியும் வராத நாளு வரும். அதுக்கு நம்மகிட்ட கருவாடும் வத்தலும் இருக்கணும். நெத்திலி, சாளை, வாளை எது வாங்குனாலும் சரி, கையில எடுத்து வயித்துப் பக்கத்த அமுக்கிப் பாருங்க, வெரல்ல ஈரம் ஒட்டுனா அது சரியாக் காயாதது, ஒரு வாரத்துல நாறிரும். ஒட்டலைன்னாலும் வீட்டுக்கு வந்து நல்ல வெயில்ல மறுக்கா ரெண்டு நாள் போட்டு, சூடு ஆறுனப்பறம் காகிதத்துல சுத்தி ஓலைக்கொட்டான்ல வைங்க, சூட்டோட மூடுனீங்கன்னா உள்ள வேர்த்து பூசணம் பிடிக்கும். மிளகாயும் அப்படித்தான், நம்ம ஊரு முண்டு மிளகாய் தோல் தடிப்பு, மேல காஞ்ச மாதிரி இருக்கும் காம்புக்கிட்ட பதமா இருக்கும், ஒடிச்சாப் படக்குனு ஒடியணும். மல்லி மிளகாய்ப் பொடிய ரெண்டு மாசத்துக்கு புரட்டாசிலேயே திரிச்சு வச்சுருங்க, மழைல மில்லு வேலை செய்யாது. புளியக் கொட்டை எடுத்து கல்லுப்பு தூவி மண்பானைல அமுக்கி வைங்க. உப்பும் கூட நாலு படி சேத்து வாங்கிக்கிருங்க, மழை விழுந்தா வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பூராம் நின்னுரும். கருப்பட்டி மழை ஈரத்துல கசிஞ்சு ஒழுகும், அத மட்டும் அடுப்புக்கு மேல பரண்ல சூடு படுற எடத்துல வைங்க. அரிசில வசம்பு போடுங்க.

கேஸு ரெண்டு சிலிண்டர் வேணும், அது தீந்தாலும் கவலைப்படாம இருக்க கொல்லைல உடை வெறகு இருக்கு. ஆனா வெறகை வீட்டுச் செவுத்த ஒட்டி அடுக்காதீங்க தம்பி. மழை நேரத்துல கட்டுவிரியன் அதுக்குள்ளதான் அடையும், ராத்திரி வீட்டுக்குள்ள வரும், கடிச்சது கூடத் தெரியாது. பத்தடி தள்ளி, கல்லு மேல பலகை போட்டு, தார்ப்பாய் மூடி அடுக்குங்க, ராத்திரி டார்ச் இல்லாம கொல்லைக்குப் போகாதீங்க. கடிபட்டா மந்திரிக்கப் போகாம நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரி.

உங்க வீட்டுக்காரி மாத்திரை ஒரு மாசத்துக்கு முன்கூட்டியே கையில இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிரசர் சுகர் மாத்திரை குடுக்குறாங்க, வந்ததும் கிராமத்து நர்ஸம்மாகிட்ட பேரு எழுதிருங்க. அந்தப் பிள்ளைய மொத மழைக்காலத்துல தனியா விட்டுட்டு டவுனுக்கு அலையாதீங்க, காத்து அடிக்கிற அடில புதுசா வந்தவுங்களுக்கு மனசு பேதலிச்சுப் போகும். பக்கத்து வீட்டுப் பொம்பளைகளோட பழக விடுங்க, பாதி பயம் அதுலயே போயிரும்.


ஓய்வு_தபால்:

வணக்கம் சார். நான் தபால் துறைல இருந்து ரிட்டயர் ஆனவன், தேவிபட்டினம் பக்கம். பணத்தப் பத்தி மட்டும் நான் சொல்றேன், வீட்டப் பத்தி மத்தவுங்க சொல்லிட்டாங்க.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயசு ஆகணும்னு நெனச்சு நெறய பேரு விட்டுர்றாங்க. வேலைல இருந்து ஓய்வு பெற்றவருக்கு 55லருந்தே சேர வழி இருக்கு, ஒரே நிபந்தனை, ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள போடணும், ஓய்வுப் பணமா வந்த தொகைக்கு மேல போட முடியாது. கம்பெனில இருந்து ஓய்வு பெற்ற சான்றும், எவ்வளவு பணம் குடுத்தாங்கன்னு எழுத்துல ஒரு தாளும் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க, ஊருக்கு வந்தப்பறம் திருப்பூருக்கு அலைய முடியாது. உச்சவரம்பு 30 லட்சம். வட்டி 2023 ஏப்ரல்ல 8.2 ஆச்சு. நீங்க போடுற அன்னைக்கு என்ன வட்டியோ அதுவே அஞ்சு வருசத்துக்கும் நிக்கும், கவுண்டர்ல கேட்டுட்டுப் போடுங்க.

உங்க 24 லட்சத்த நான் இப்படிப் பிரிப்பேன். வீட்டு ரிப்பேருக்கும் தண்ணித் தொட்டிக்கும் 3 லட்சம் தனியா எடுத்து வைங்க, அத மீறக்கூடாது. 2 லட்சம் பேங்க்ல எப்ப வேணும்னாலும் எடுக்குற மாதிரி, அது ஆஸ்பத்திரிக்கும் புயலுக்கும். 15 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்துல, 8.2ன்னா மூணு மாசத்துக்கு ஒருக்க 30,750 ரூபா. மிச்சம் 4 லட்சம் நீங்களும் வீட்டம்மாவும் சேந்து தபாலாபீஸ் மாத வருமானத் திட்டத்துல, அது 7.4 வட்டின்னா மாசம் 2,466 ரூபா வரும். பென்சனோட கூட்டுனா மாசம் 15,700 கிட்ட நிக்குது. நீங்க கேட்ட பதினஞ்சாயிரம் சரியா வந்துருச்சு. முழுத் தொகையையும் ஒரே எடத்துல பூட்டாதீங்க, ஏன்னா அஞ்சு வருசத்துக்கு முன்னாடி உடைச்சா ரெண்டு வருசத்துக்குள்ள ஒண்ணரை சதவீதம், அதுக்கப்பறம் ஒரு சதவீதம் பிடிப்பாங்க, ஒரு வருசம் கூட ஆகலைன்னா வட்டியே கிடையாது.

இதுல எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்ணு இருக்கு. அந்த வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மொதல் தேதில கணக்குல விழும். அக்டோபர் 1ன்னா புரட்டாசி பாதி, அக்கா சொன்ன அரிசி, மிளகாய், கருவாடு, ரெண்டாவது சிலிண்டர் எல்லாம் அந்தப் பணத்துல வாங்கிரலாம், கார்த்திகை கடைசி வரைக்கும் கடைப்பக்கம் அதிகம் போக வேண்டியதில்ல. ஜனவரி பணம் பொங்கலுக்கு. ஏப்ரல் பணத்துல புளி, வத்தல் சாமான். இந்த நாலு தேதிய வச்சே வீட்டுச் செலவ ஓட்டுற வீடு எனக்குத் தெரிஞ்சு நெறய இருக்கு.

வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லைன்னா வட்டில பிடிக்காம இருக்க வருச ஆரம்பத்துலயே படிவம் எழுதிக் குடுத்துருங்க. பென்சனுக்கு வருசா வருசம் ஆயுள் சான்று குடுக்கணும், போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து ரேகை வச்சு எடுத்துக் குடுப்பாரு.

மருத்துவச் செலவு பெரிய பயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், உங்க கணக்கு அதத் தாண்டுது. 70 வயசானா வருமானம் பாக்காம 5 லட்சத்துக்கு மத்திய அரசு காப்பீடு உண்டு, ஆனா அதுக்கு இன்னும் பன்னெண்டு வருசம் இருக்கு. அதனால ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பாலிசி எடுத்துருங்க, சுகர் பிரசர் இருக்குறத மறைக்காம எழுதுங்க, மறைச்சா பின்னாடி க்ளெய்ம் நிக்காது. ராமநாதபுரத்துல 2022லருந்து அரசு மருத்துவக் கல்லூரியே வந்துருச்சு, எல்லாத்துக்கும் மதுரைக்கு ஓடுன காலம் கொஞ்சம் மாறியிருக்கு.

கடைசியா, ஊர்ல சாப்பாட்டுச் செலவு கொறையும், மொய்ச் செலவு கூடும். இத யாரும் கணக்குல எழுதுறதில்ல. ஆவணி, தை, வைகாசின்னு மூணு மாசத்துல கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோறது, நடுவுல கேதம், அது போக கோயில் வரி. உங்கப்பா மொய் நோட்ட எடுத்துப் பாருங்க, நம்ம வீட்டுக்கு யாரு எவ்வளவு செஞ்சிருக்காங்கன்னு அதுல இருக்கும், அதுக்குத் தக்க திருப்பிச் செய்யுங்க, மாசம் ரெண்டாயிரம் அதுக்குன்னே ஒதுக்குங்க. வட்டிக்கு விடுறது வேணாம் சார். சொந்தக்காரனுக்குக் குடுத்தா அசலும் வராது சொந்தமும் நிக்காது.


சாயல்குடி_பனை:

அண்ணே நெலத்தப் பத்தி யாரும் சொல்லலியேன்னு எழுதுறேன். உடங்காட்ட மெசின் வச்சு உங்க காசுல அழிக்காதீங்க. கரிமூட்டம் போடுறவுங்க காட்ட வெலை பேசி அவுங்களே வெட்டிக்குவாங்க, உங்களுக்குக் காசு வரும். ஆனா தூரோட பேத்து எடுக்கணும்னு மொதல்லயே பேசிருங்க, தூர விட்டுட்டுப் போனா அடுத்த மழைக்கே தளுத்துரும். இந்த வருசம் விதைக்கணும்னு அவசரப்படாதீங்க, மானாவாரி நெல்லுக்கு ஆவணி புரட்டாசி புழுதில விதைச்சிருக்கணும், மிளகாய்க்கு நாத்து வேணும், நீங்க வந்து எறங்குறதுக்குள்ள ரெண்டும் போயிருக்கும். அடுத்த வருசம் முண்டு மிளகாய் போடுற ஆளுக்கு வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்குக்கு விடுங்க, 2023ல புவிசார் குறியீடு கெடச்சதுலருந்து ராமநாதபுரம் முண்டுக்கு கேக்குற ஆளு கூடியிருக்கு. வரப்புல மட்டும் இந்த மழைக்கே பனங்கொட்டைய ஊன்றிருங்க, செலவு ஒண்ணுமில்ல. கொஞ்சத்த ஒரே எடத்துல மண்ணு மேடாக்கிப் பாத்தி போட்டா பொங்கலுக்கு கிழங்கு வரும்.

இறால் பண்ணை பங்கு வேண்டவே வேண்டாம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தா ஒரு வாரத்துல குளம் பூரா செத்து மெதக்கும், போட்ட காசு அம்புட்டும் தண்ணிலதான். சம்பளம் வர்ற வயசுல வேணா பாக்கலாம்.


வடகடல்_வாசல்:

படிச்சுட்டு வீட்டுக்காரிகிட்டயும் வாசிச்சுக் காட்டுனேன், கொட்டான் அக்கா எழுதுனத ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னா. அக்கா உங்களுக்கு ரொம்ப நன்றி. போரு, இறாலு, வட்டி மூணுக்கும் இன்னைக்கே இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். 3 லட்சத்துக்குள்ள தளம், கரண்டு, தண்ணித் தொட்டி மூணும் ஒரே மாசத்துல முடியுமா? முடியாதுன்னா பூமிக்கு அடியில தொட்டிய இப்பக் கட்டிட்டு தளத்த தைல பாக்கலாமா, இல்ல தளத்த இப்பப் பாக்கலாமா? இந்த மழைத் தண்ணிய விட்டுட்டா ஒரு வருசம் போயிரும்ல.


உப்புக்காத்து_கொத்தனார்:

தளந்தான் இப்ப. அதுல மாத்துப் பேச்சே இல்லண்ணே, தலைக்கு மேல இருக்குறது.

பூமிக்கு அடியில தொட்டி இந்த வருசம் வேணாம். உங்க ஊர்ல ஐப்பசில ரெண்டு மூணடிலயே ஊத்து கிளம்பிரும், குழி தோண்டத் தோண்ட சரியும், கலவை இறுகாது. அப்படியே கட்டிட்டாலும் உள்ள தண்ணி இல்லாம இருக்கப்ப சுத்தி ஊத்து ஏறுனா வெறுந்தொட்டி அப்படியே மேல தூக்கிரும், பக்கச் செவுரு வெடிச்சுரும், இதுமாதிரி தூக்குன தொட்டியெல்லாம் பாத்திருக்கேன். அது கோடைல ஆனி ஆடி வாக்குல, ஊத்து நல்லா கீழ போனப்பறம் கட்ட வேண்டிய வேலை.


கொட்டான்_அக்கா:

கொத்தனார் தம்பி சொல்றது நெசந்தான், நான் தொட்டின்னுதான் சொன்னேன், பூமிக்கு அடியிலதான் வேணும்னு சொல்லல. இந்த மழைய விடவும் வேணாம் தம்பி. கருப்பு சின்டெக்ஸ் ரெண்டாயிரம் லிட்டர்ல மூணு வாங்கி, வீட்டுக்குக் கெழக்கால நெழல்ல, செங்கல்லு மேடை கட்டி தரைலயே வரிசையா வைங்க, மாடிக் கொழாய அதுல விட்டா ஆறாயிரம் லிட்டர் இந்த வருசமே கையில நிக்கும், ரெண்டு பேருக்கு அது போதும். அடுத்த வருசம் தொட்டி கட்டுனாலும் இது வீணாப் போகாது, கெணத்துத் தண்ணிக்கு வச்சுக்கலாம். வெறுமனே கிடக்குற டாங்க காத்து உருட்டிட்டுப் போயிரும், அதனால மழை வர்றதுக்கு முன்னாடியே கால்வாசியாச்சும் தண்ணி விட்டு, கயிறு போட்டுக் கட்டி வைங்க.


உப்புக்காத்து_கொத்தனார்:

ஆமாண்ணே, அக்கா சொல்ற மாதிரியே செய்யலாம். மேடை மட்டும் ஒண்ணரை அடிக்குக் கொறையாம இருக்கட்டும், அப்பத்தான் கொழாய்க்கு அடியில குடம் வைக்க முடியும். அடுத்த வருசம் கீழ தொட்டி கட்டுறப்ப மூடி ரெண்டடிக்கு ரெண்டடி விடுங்க, ஆளு எறங்கிக் கழுவணும், எறங்குறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே தெறந்து போட்டு காத்துப் போக விடணும், மேல ஒரு ஆளு நிக்காம யாரும் உள்ள எறங்கக் கூடாது. சுத்தியல் தட்டிப் பாத்துட்டு எத்தனை எடம் டொப்புனு கேக்குதுன்னு போட்டோ போடுங்க, எத்தனை மூட்டை சிமிண்டு, என்ன கம்பின்னு நான் எழுதித் தர்றேன், அதுக்கு மேல யாராச்சும் கேட்டா குடுக்காதீங்க.